எந்த விசேஷத்துக்கு எந்தப் புதிர்ப்பெட்டி? – கேள்வி பதில்

கே: நிச்சயதார்த்த மோதிரத்தைப் புதிர்ப்பெட்டிக்குள் வைத்துக் கொடுக்க ஆசை. எதை வாங்கலாம்?

ப: பலகைகளைச் சரியான வரிசையில் நகர்த்தினால்தான் திறக்கும் பெட்டிதான் புதிர்ப்பெட்டி. ஜப்பானின் ஹகோனேயில் செய்யும் மரப்பெட்டியில் 2 சூன் அளவு வாங்குங்கள். ஒரு சூன் சுமார் 3 செ.மீ. 4 அல்லது 7 அசைவில் திறப்பதே போதும். சொந்தபந்தமெல்லாம் சுற்றி நிற்கும்போது பெண்ணை அதற்கு மேல் திணறவிடக் கூடாது. பக்கப் பலகை ஒன்று சில மில்லிமீட்டர் நகரும், அது அடுத்த பலகைக்கு வழிவிடும், கடைசியில் மேல்மூடி வழுக்கிக்கொண்டு வரும். மோதிரத்தைப் பட்டுத்துணியில் சுற்றி வையுங்கள், உள்ளே உருளாது. எந்தப் பலகை இறுகினாலும் எண்ணெய் மட்டும் விடாதீர்கள். மரம் எண்ணெயைக் குடித்துவிடும்.

கே: மேலே உள்ள பூவேலை பெயின்டா?

ப: இல்லவே இல்லை! எல்லாம் மரத்தின் சொந்த நிறம். வெவ்வேறு நிற மரக்குச்சிகளைச் சேர்த்து ஒட்டிக் கட்டையாக்கி, அதை இழைப்புளியால் காகிதம்போல் சீவி, பெட்டிமேல் ஒட்டுகிறார்கள். யோசெகி என்பார்கள். ஜப்பானின் எடோ காலத்தின் (1603–1868) பிற்பகுதியில் ஹதாஜுகு கிராமத்து இஷிகாவா நிஹெய் தொடங்கிவைத்த வேலை. அழகோடு அதற்கு இன்னொரு பயனும் உண்டு: பலகை நகரும் இடுக்கு அந்தக் கோடுகளுக்குள் மறைந்துவிடும். சீவல் மெல்லியது, ஈரத்துணியால் துடைக்காதீர்கள்.

கே: கல்யாண மொய்ப்பணம் வைக்க?

ப: 500 ரூபாய்த் தாளின் நீளம் 150 மி.மீ. 5 சூன் பெட்டியின் வெளி நீளமே ஏறக்குறைய அவ்வளவுதான், உள்ளே இன்னும் குறையும். மடித்துத்தான் வைக்க வேண்டும்.

கே: அப்பாவின் அறுபதாம் கல்யாணத்துக்கு 72 அசைவுப் பெட்டி வாங்கலாமா?

ப: வேண்டாம். 10 அசைவு வாங்குங்கள்.

கே: (வேறொருவர்) 10 அசைவு சின்னப்பிள்ளை விளையாட்டு. அசைவு கூடக்கூடத்தானே கஷ்டம்?

ப: இதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பெரும்பாலான நீண்ட பெட்டிகளில் அதே சில பலகைகள்தான் மாறிமாறிப் போய்வருகின்றன. முறை பிடிபட்டுவிட்டால் மீதி வெறும் பொறுமை. நடுவில் யாராவது கூப்பிட்டு எண்ணிக்கை விட்டுப்போனால், திறக்கிறோமா மூடுகிறோமா என்றே தெரியாது. விசேஷ வீட்டில் அது நடக்கும்.

கே: அப்படியானால் விலை மட்டும் ஏன் எகிறுகிறது?

ப: அத்தனை அசைவும் பிசிறில்லாமல் ஓட வேண்டுமே, அந்த உழைப்புக்குத்தான் விலை. 54 அசைவு, 72 அசைவுப் பெட்டிகள் மட்டம் என்று நான் சொல்லவில்லை. பணி ஓய்வு பெற்று, மாலையில் தனியாக உட்கார்ந்து நிதானமாகத் திறக்கப் பிரியப்படுகிறவருக்கு அருமையான பரிசு. மூளைக்கு வேலை வேண்டுமென்றால் அகியோ கமேய் முதலான ஜப்பானியக் கைவினைஞர்களின் குழுவான கராகுரி கிரியேஷன் குரூப் செய்யும் பெட்டிகளைப் பாருங்கள். சாய்த்தால் திறப்பது, சுழற்றினால் திறப்பது என்று இருக்கும். அசைவு ஒன்றிரண்டுதான், ஆனால் அந்த யோசனை வருவதற்குள் ராத்திரி கழிந்துவிடும். யார் திறக்கப்போகிறார், எங்கே உட்கார்ந்து திறக்கப்போகிறார் என்று பார்த்து வாங்குங்கள். எண்ணைப் பார்த்து வாங்காதீர்கள்.

கே: சென்னையில் மழைக்காலத்தில் இறுகிவிட்டது. கொஞ்சம் தேங்காய் எண்ணெய்…

ப: எண்ணெய் வேண்டாம் என்று மேலேயே சொல்லியிருக்கிறேன். காற்றின் ஈரத்தில் மரம் உப்பியிருக்கிறது. ஏசி அறையில் சில நாள் வையுங்கள். வெயிலில் காயவைத்தால் வெடிக்கும்.

கே: ஸ்க்ரூடிரைவரால் நெம்பலாமா?

ப: கூடாது.

கே: திண்டுக்கல் பூட்டில் புதிர்ப்பூட்டு கிடைக்குமா?

ப: பூட்டு என் துறை அல்ல. 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய தொழில் அது. திண்டுக்கல் பட்டறைகளிலேயே விசாரியுங்கள்.

கே: மெஷின் எண்ணெயாவது விடலாமா?

ப: எந்த எண்ணெயும் வேண்டாம்.

கே: திறக்கும் முறை அச்சிட்ட தாளைப் பரிசோடு சேர்த்துக் கொடுக்கலாமா?

ப: தனி உறையில் ஒட்டிக் கொடுங்கள். எந்தப் பக்கம் மேலே இருக்க வேண்டும் என்று அதில் எழுதிவையுங்கள், எல்லாப் பக்கமும் ஒன்றுபோலவே தெரியும். மூடுவதற்கு அதே வரிசையைப் பின்னிருந்து செய்தால் போதும்.