பெருமூளை வாதம் உள்ள என் மகன் பகலில் ஒழுங்காக நடக்கிறான், இருட்டினால் தடுமாறுகிறான். பயமா, சோம்பலா?

சோம்பல் என்ற சொல்லைப் பார்த்துத்தான் எழுத உட்கார்ந்தேன். உங்கள் வீட்டிலும் பெரியவர்கள் யாராவது "வேணும்னே பண்றான்" என்றிருப்பார்கள். எனக்கு அதைச் சொன்னது அமுச்சி, அம்மாவைப் பெற்றவர்.

எனக்கும் பெருமூளை வாதம்தான், இரண்டு காலிலும் இறுக்கம். வீடு கேரளாவில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறைப் பக்கம். 19 வயது வரை அந்த இறுக்கத்துக்கு மட்டும்தான் வைத்தியம் நடந்தது. அப்புறம் கோவையில் ஒரு பிசியோதெரபிஸ்ட் கண்ணை மூடச் சொல்லி, என் கால் கட்டைவிரலைப் பக்கவாட்டில் பிடித்து லேசாக அசைத்து, "மேலயா, கீழயா?" என்று கேட்டார். பத்துக்கு ஐந்து சரி. பரவாயில்லையே என்று நினைத்தேன். "காசச் சுண்டிப் போட்டாலும் அஞ்சு வருமே தம்பி" என்று சிரித்தார்.

விஷயம் இதுதான். விழாமல் நிற்க மூளைக்கு மூன்று இடத்திலிருந்து தகவல் வரவேண்டும்: கண், உள்காது, பாதமும் மூட்டுகளும். பெருமூளை வாதத்துக்குக் காரணமான மூளைப் பாதிப்பு தசையோடு நிற்பதில்லை, பலருக்கு இந்த உணர்வையும் குறைத்துவிடுகிறது. கால் எங்கே இருக்கிறது என்று காலே சொல்லாதபோது கண்தான் பார்த்துச் சொல்கிறது. விளக்கை அணைத்தால் அதுவும் போச்சு. எல்லாருக்கும் இப்படித்தான் என்று நான் சொல்லவில்லை, டாக்டர்கள் சண்டைக்கு வரவேண்டாம். சிலருக்குப் பார்வையிலேயே கோளாறு இருக்கும், அதையும் பாருங்கள்.

ஒருநாள் சாயங்காலம் பொள்ளாச்சி பஸ். கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டி, இறங்க எழுந்தேன். உள்ளே விளக்கு அணைந்தது. கம்பியைப் பிடித்திருந்தும் ஒரு அக்கா மடியில் போய் விழுந்தேன். தமிழ்நாட்டில் 1987 முதல் கள் கிடையாது, குடிக்கிறவர்கள் எங்கள் பாலக்காட்டுச் சித்தூர் பக்கம் வந்துதான் குடித்துவிட்டுப் போவார்கள். கண்டக்டர் என்னையும் அந்தக் கணக்கில் சேர்த்து, "ஏறும்போதே பாத்தேன், எறங்கு" என்றார். ஊனமுற்றோர் அட்டையைத் தேடி எடுப்பதற்குள் பஸ் போய்விட்டது. என் ஸ்டாப்புக்கு இன்னும் ஒரு கிலோமீட்டர், தெருவிளக்கு இல்லாத ரோடு. நான் கள்ளைக் கையால் தொட்டதுகூட இல்லை. (சரி, ஒரு தடவை.)

அந்த அட்டைக்கான விண்ணப்பத்தை மலையாளத்தில் மட்டும் கொடுத்தது தனிக் கதை. தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவன் நான், இங்கேயே பிறந்தவன். பக்கத்துக் கடைக்காரரிடம் கெஞ்சி நிரப்பினேன். கேட்டால் "படிச்சுக்கோ" என்பார்கள்.

உங்கள் பையனுக்கு வருவோம். பலத்தை மட்டும் பார்க்காமல் உணர்வையும் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். ராத்திரி கக்கூஸ் வரைக்கும் சின்ன விளக்கு எரியட்டும். குளியலறைச் சுவரில் கம்பி ஒன்று வையுங்கள், முகத்துக்குச் சோப்புப் போட்டுக் கண்ணை மூடுகிற நேரம்தான் நான் அதிகம் விழுந்திருக்கிறேன். கோயிலில் கண்ணை மூடிக் கும்பிடச் சொல்லாதீர்கள். ஒருமுறை நான் ஆடியதைப் பார்த்துச் சாமி வந்துவிட்டது என்று ஒரு பாட்டி திருநீறு பூசி, தன் மகளுக்குக் கல்யாணம் எப்போது என்று கேட்டார். தை மாதம் என்று சொல்லிவைத்தேன்.