டன்கின் கடை ரசீதும் ஒரு செனட் நாற்காலியும்: எட் டர் பற்றிக் கேள்வி பதில்

2021 நவம்பர் 2 அன்று நியூ ஜெர்சி மாநில செனட்டின் தலைவர், ஜனநாயகக் கட்சியின் ஸ்டீவ் ஸ்வீனி தன் சொந்தத் தொகுதியில் தோற்றுப்போனார். தோற்கடித்தவர் எட் டர் என்கிற லாரி ஓட்டுநர், குடியரசுக் கட்சிக்காரர். அந்த மூன்றாம் சட்டமன்றத் தொகுதியில்தான் என் வீடும் இருக்கிறது என்று தெரிந்ததும் ஆளாளுக்குக் கேட்க ஆரம்பித்துவிட்டீர்கள். வந்த கேள்விகளுக்கு மொத்தமாக இங்கே பதில்.

மதுரையிலிருந்து: அண்ணா, வெறும் 153 டாலர் செலவழித்து ஜெயித்தார் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதே, நிஜமா?

அந்தத் தொகை நிஜம், கதைதான் பாதி. 153 டாலர் என்பது கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க ஜூன் மாதம் நடந்த உட்கட்சித் தேர்தலுக்கு அவர் காட்டிய கணக்கு. டன்கின் என்ற காபி, டோனட் கடையில் 66 டாலர் 64 சென்ட். துண்டறிக்கைக்கும் விசிட்டிங் கார்டுக்கும் 86 டாலர் 67 சென்ட். ஆனால் அந்த உட்கட்சித் தேர்தலில் அவரை எதிர்த்து ஒருவர்கூட நிற்கவில்லை. ஸ்வீனியிடம் தோற்பதற்கு யார் வரிசையில் நிற்பார்கள்? மனுவுக்கு 100 கையெழுத்து வாங்கினால் வேலை முடிந்தது. ஆளில்லாத களத்துக்கு டீ, டோனட் செலவு போதாதா?

பொதுத்தேர்தலையும் சேர்த்தால் சில ஆயிரம் டாலர் ஆகியிருக்கும். அதுவும் இங்கே ஒன்றுமே இல்லை. இதே தொகுதியில் 2017-இல் ஸ்வீனியைத் தோற்கடிக்க ஆசிரியர் சங்கம் களம் இறங்கியது. இரு பக்கமும் சேர்ந்து கொட்டிய பணம் 1.8 கோடி டாலருக்கு மேல். அமெரிக்காவில் மாநிலச் சட்டமன்றத் தொகுதி ஒன்றுக்கு அதுவரை அவ்வளவு செலவானதில்லை என்றார்கள். அவ்வளவு பணத்தையும் மீறி ஸ்வீனி சுலபமாக ஜெயித்தார். நான்கே வருடத்தில் லாரிக்காரரிடம் விழுந்தார். என்னைக் கேட்டால் இதுதான் பெரிய ஆச்சரியம்.

சேலத்திலிருந்து: ஆள் யார்? பின்னணி என்ன?

நீங்கள் கேட்பதும் பொருத்தம்தான், அந்தத் தொகுதியில் ஒரு சேலம் கவுன்டியே (நம்மூர் மாவட்டம் மாதிரி) இருக்கிறது! சேலம் முழுவதும், கூடவே குளோஸ்டர், கம்பர்லேண்ட் கவுன்டிகளில் சில பகுதிகள். டெலவேர் ஆற்றங்கரை, தக்காளி, சோளம், பழைய ஆலைகள். நியூயார்க்கை ஒட்டிய, நம்மவர்கள் நிறையப் பேர் இருக்கும் எடிசன் பக்கத்து ஜெர்சியை மனதில் வைத்துப் பார்க்காதீர்கள்.

டர் லோகன் டவுன்ஷிப்காரர். ரேமூர் அண்ட் ஃபிளானிகன் என்ற மரச்சாமான் நிறுவனத்துக்கு லாரி ஓட்டினார். ஓட்டுநர் வேலையில் கால் நூற்றாண்டு அனுபவம். மூன்று பிள்ளைகள், ஆறு பேரக் குழந்தைகள். 2017-இலும் 2019-இலும் மாநிலக் கீழவைக்குப் போட்டியிட்டுத் தோற்றவர். பிரசார வீடியோவில் லாரியும் வரும், அவருடைய மோட்டார் சைக்கிளும் வரும். கோட் சூட்டைத் தேடாதீர்கள்.

சென்னையிலிருந்து: அப்படியானால் பாட்டாளி ஒருவர் பணக்காரரை வீழ்த்திய கதை, சரிதானே சார்?

இல்லை. எல்லோரும் தவறவிடுவது இதைத்தான். ஸ்வீனியும் உழைத்துச் சாப்பிட்டவர்தான். உயரத்தில் நின்று இரும்பு உத்தரம் பொருத்தும் தொழிலில் தொடங்கி, அந்தத் தொழிற்சங்கத்தில் பெரிய பொறுப்புக்கு உயர்ந்தவர். பன்னிரண்டு வருடம் செனட் தலைவர். ஆளுநருக்கு அடுத்தபடியாக மாநிலத் தலைநகர் டிரென்டனில் அவர் சொல்தான் செல்லும் என்று பேர். தெற்கு ஜெர்சியின் கட்சிப் பெரும்புள்ளி ஜார்ஜ் நார்கிராஸ் அவருக்கு நெருக்கம்.

ஆக ஒரு தொழிலாளிக்கும் இன்னொரு தொழிலாளிக்கும் நடந்த போட்டி. ஒருவர் சங்கத்தின் வழியாக மேலே போனவர். இன்னொருவர் எதன் வழியாகவும் மேலே போகாதவர். சங்கத்தில் இல்லாத தொழிலாளிக்கு இந்த இருவரில் யார் தன்னைப் போல் தெரிவார் என்று யோசியுங்கள்.

திருச்சியிலிருந்து: அவருடைய வலதுசாரிக் கொள்கைகள் என்னென்ன?

முதலில் வரி. நியூ ஜெர்சியின் சராசரி சொத்து வரி நாட்டிலேயே அதிகம். அந்த வருடம் 9,000 டாலரைத் தாண்டியிருந்தது. வருடத்துக்கு நான்கு தவணை: பிப்ரவரி, மே, ஆகஸ்ட், நவம்பர், ஒவ்வொன்றிலும் 1-ஆம் தேதி கெடு. அந்தத் தேர்தல் நவம்பர் 2. முந்தின நாள் நான் காசோலையில் கையெழுத்துப் போட்டுவிட்டு, மறுநாள் வாக்குச் சாவடிக்குப் போனேன். என் தெருவில் பாதிப் பேர் அதேதான் செய்திருப்பார்கள். வரியைக் குறைப்பேன் என்பவர் அன்றைக்கு அதிகம் பேசத் தேவையில்லை.

அடுத்தது கொரோனாக் கட்டுப்பாடுகள். அன்றைய ஆளுநர் ஃபில் மர்ஃபியின் உத்தரவுகளைக் கடுமையாக எதிர்த்தார். கருக்கலைப்புக்கும் எதிர்ப்பு. ஆனால் அவரை அரசியலுக்கு இழுத்து வந்தது துப்பாக்கி.

அதே திருச்சி நண்பர்: துப்பாக்கியா? விளக்குங்கள்.

துப்பாக்கியை உடையில் மறைத்து எடுத்துச் செல்ல உரிமம் கேட்கப் போயிருக்கிறார். கிடைக்க வழியே இல்லை என்று தெரிந்திருக்கிறது. அன்றைய ஜெர்சி சட்டப்படி ‘நியாயமான தேவை’ காட்ட வேண்டும், அதாவது உங்கள் உயிருக்குக் குறிப்பான மிரட்டல் இருப்பதை நிரூபிக்க வேண்டும். சாதாரண ஆளுக்கு அது நடக்காத காரியம். குற்றமே செய்யாத எனக்கு ஏன் இல்லை என்ற கோபத்தில்தான் தேர்தலில் இறங்கினேன் என்று அவரே சொன்னார்.

வேடிக்கை என்னவென்றால், அவர் பதவியேற்ற ஐந்தாறு மாதத்தில், 2022 ஜூனில், அமெரிக்க உச்ச நீதிமன்றம் நியூயார்க்கின் இதே மாதிரியான சட்டத்தை ரத்து செய்தது. ஜெர்சியும் அந்த நிபந்தனையைக் கைவிட்டது. அவர் கேட்டது கிடைத்தது, ஆனால் அவர் உட்கார்ந்த அவையிலிருந்து அல்ல. அந்த டிசம்பரிலேயே மர்ஃபி, எங்கெங்கே துப்பாக்கி கூடாது என்று நீண்ட பட்டியலோடு புதுச் சட்டத்தில் கையெழுத்திட்டார்.

பெங்களூரிலிருந்து: நீங்கள் அவருக்கு வாக்களித்தீர்களா?

இல்லை. என் பக்கத்து வீட்டுக்காரர் போட்டார். இன்னும் நன்றாகத்தான் பேசிக்கொள்கிறோம்.

ஈரோட்டிலிருந்து: பணமும் இல்லை, பெயரும் இல்லை. எப்படித்தான் ஜெயித்தார்?

ஸ்வீனிக்கு எதிராகச் சேர்ந்த கோபத்தால். அந்த நவம்பரில் மாநிலம் முழுக்கவே காற்று மாறியிருந்தது. அதே நாள் நடந்த ஆளுநர் தேர்தலில் மர்ஃபியே சுமார் மூன்று சதவீத வித்தியாசத்தில்தான் தப்பினார். எங்கள் பக்கம் டிரம்ப்புக்கு ஏற்கெனவே செல்வாக்கு. அப்புறம் 2020 ஜனவரியில், மத நம்பிக்கையைக் காட்டிப் பள்ளித் தடுப்பூசியைத் தவிர்க்கும் சலுகையை நீக்க ஸ்வீனி முயன்றார். டிரென்டன் சட்டமன்றத்தைச் சுற்றிக் கூட்டம் கூடி நாள்கணக்கில் கத்தியது, மசோதா நின்றுபோனது. அந்தக் கூட்டம் அவரை மறக்கவில்லை.

வித்தியாசம் இரண்டாயிரத்துச் சொச்சம் வாக்குதான். ஸ்வீனி தோல்வியை ஏற்க ஒரு வாரம் ஆனது. டரோடு சேர்ந்து நின்ற இரண்டு கீழவை வேட்பாளர்களும் ஜெயித்தார்கள். டரின் தனிக் கவர்ச்சி என்றால் அவர் மட்டும்தானே ஜெயித்திருக்க வேண்டும்?

நாகூரிலிருந்து: முஸ்லிம்களைப் பற்றிக் கேவலமாக எழுதியவர் என்கிறார்களே?

எழுதினார். நபிகளையும் இஸ்லாத்தையும் இழிவுபடுத்திய பழைய ட்வீட் ஒன்று, அவர் ஜெயித்து இரண்டொரு நாளில் வெளியே வந்தது. மன்னிப்புக் கேட்டார், முஸ்லிம் சமூகத்தினரை நேரில் போய்ச் சந்தித்துப் பேசினார். நேரில் போனதை மதிக்கிறேன். ஆனால் தேர்தலுக்கு முன் எந்தப் பத்திரிகையும் இவரைப் பொருட்படுத்தித் தோண்டவில்லை என்பதையும் கவனியுங்கள். ஜெயிக்க மாட்டார் என்று நினைத்தவரை யாரும் விசாரிப்பதில்லை.

கோவையிலிருந்து: லாரி ஓட்டிக்கொண்டே செனட்டராக இருக்க முடியுமா? சம்பளம் எவ்வளவு?

நல்ல கேள்வி. இது வாஷிங்டன் செனட் இல்லை. 40 பேர் கொண்ட மாநில மேலவை, பகுதிநேர வேலை. அன்றைக்குச் சம்பளம் வருடத்துக்கு 49,000 டாலர், 2026-இலிருந்துதான் 82,000. கூட்டங்கள் பெரும்பாலும் திங்கள், வியாழன் பகலில். வக்கீல் தன் வேலையை வேறு நாளுக்கு மாற்றிக்கொள்வார், தொழிற்சங்கம் தன் ஆளை அனுப்பி வைக்கும். காலையில் சோபா ஏற்றிக்கொண்டு கிளம்ப வேண்டியவர் என்ன செய்வார்? ஓட்டுநர்கள் சட்டமன்றத்தில் ஏன் அபூர்வம் என்பதற்கு இந்தக் கால அட்டவணையே போதும்.

சாதித்தது என்று கேட்டால் குறைவுதான். குடியரசுக் கட்சிக்கு 16 இடம். சிறுபான்மைக் கட்சியின் புது உறுப்பினர் கொண்டுவரும் மசோதா குழுவிலேயே தூங்கும்.

தஞ்சாவூரிலிருந்து: அடுத்த தேர்தலில் என்ன ஆனார்?

தொகுதி எல்லை மறுவரையறை காரணமாக அந்த முறை பதவிக்காலம் இரண்டே வருடம். 2023-இல் ஜனநாயகக் கட்சியின் ஜான் புர்சிகெல்லியிடம் தோற்றார். 2021-இல் ஸ்வீனி தோற்றபோது தன் கீழவைப் பதவியை இழந்தவர் இவர். கருக்கலைப்பு பற்றி டர் பெண்களைக் கொச்சைப்படுத்தி எழுதிய பழைய ஃபேஸ்புக் வரி ஒன்றைத் தோண்டியெடுத்து அடித்தார்கள். இந்த முறை அவரைப் பொருட்படுத்தினார்கள், பணமும் இறக்கினார்கள்.

மறுபடி மதுரை: அண்ணா, இப்போது இருவரும் எங்கே?

தோற்ற கையோடு ஆளுநர் பதவிக்கு நிற்கப்போவதாக டர் அறிவித்தார். 2025 ஜனவரியில் விலகி, வானொலிக்காரர் பில் ஸ்பாடியாவை ஆதரித்தார். ஸ்பாடியாவும் உட்கட்சித் தேர்தலில் தோற்றார். ஸ்வீனியும் அதே வருடம் ஜனநாயகக் கட்சிப் பக்கத்தில் ஆளுநர் பதவிக்கு முயன்றார். ஆறு பேர் நின்றார்கள். கடைசியாக வந்தார்.