கேள்வி நேரம் வரை இருங்கள்

கேள்வி: பிரபல விஞ்ஞானி ஒருவரின் வானியல் சொற்பொழிவுக்கு நண்பர் கூப்பிடுகிறார். பள்ளியில் படித்த இயற்பியலே மறந்துபோச்சு. எனக்கு என்ன புரியும்? யூடியூபில் பார்த்தால் போதாதா?

பதில்: போய் வாருங்கள். பொதுச் சொற்பொழிவு என்பதே மறந்துபோனவர்களுக்காக நடத்துவதுதான். லண்டனில் ராயல் இன்ஸ்டிட்யூஷன் என்ற அறிவியல் அமைப்பில் 1825-இல் தொடங்கிய கிறிஸ்துமஸ் சொற்பொழிவுகள் சிறுவர்களுக்கானவை. அங்கே 1977-இல் கோள்களைப் பற்றிப் பேசியவர் புகழ்பெற்ற வானியலாளர் கார்ல் சேகன்!

யூடியூப் நானும் பார்ப்பவன்தான். கொஞ்சம் கடினமான இடம் வந்தால் விரல் தானாகத் தள்ளிவிட்டுப் போய்விடும். அரங்கில் அது முடியாது. அதைவிட முக்கியம், கடைசியில் வரும் கேள்வி நேரம். நான் போன ஒரு கூட்டத்தில், வேறு நட்சத்திரங்களைச் சுற்றும் கோள்களை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்று பேச்சாளர் விளக்கினார். விளக்கை அணைக்கச் சொல்லி, எரிகிற டார்ச்சுக்கு முன்னால் ஒரு பட்டாணியை நகர்த்திக் காட்டினார். கோள் குறுக்கே போனால் நட்சத்திரத்தின் ஒளி சற்றுக் குறையும். சூரியன் போன்ற நட்சத்திரத்தில் வியாழன் அளவுள்ள கோள் 1 சதவீதம் குறைக்கும். பூமி அளவுள்ளது 0.01 சதவீதம்கூடக் குறைக்காது. எல்லோரும் தலையாட்டினோம்.

அப்புறம் ஒரு சிறுமி எழுந்து, "கோள் குறுக்கே வராமல் மேலேயோ கீழேயோ போனால்?" என்றாள். பேச்சாளர் முகம் மலர்ந்துவிட்டது. "இந்த முறையில் நம் கண்ணில் படவே படாது. பூமியும் சூரியனும் மாதிரி அமைப்புகள் 200 இருந்தால், ஒன்றில்தான் கோள் நமக்கு நேராகக் குறுக்கே போகும்" என்றார். கோளின் ஈர்ப்பில் நட்சத்திரம் லேசாக ஆடுவதை அளப்பது இன்னொரு வழி. 1995-இல் 51 பெகாசி பி என்ற கோள் அப்படிப் பிடிபட்டதுதான் என்றும் சேர்த்துக்கொண்டார். முக்கால் மணி நேரப் பேச்சில் வராத விஷயம் அந்தக் குழந்தையால் வந்தது.

கேள்வி: மைக் என் கைக்கு வந்தால் என்ன கேட்பது?

பதில்: முதலில், சொந்தச் சொற்பொழிவை ஆரம்பிக்காதீர்கள். எல்லாக் கூட்டத்திலும் அதற்கென்று ஒருவர் வந்திருப்பார். "இதை எப்படி அளந்தார்கள்?" என்று கேட்டால் எந்தப் பேச்சாளரும் உற்சாகமாகிவிடுவார். திரையில் அழகான படம் வந்தால், "இந்த நிறம் நிஜமா?" என்று கேளுங்கள். ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி பெரும்பாலும் பார்ப்பது நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்களை. அவற்றில் அலைநீளம் கூடியதற்குச் சிவப்பு, குறைந்ததற்கு நீலம் என்று பிறகு நிறம் கொடுக்கிறார்கள். பொய்யில்லை; ஆனால் நீங்கள் அங்கேயே போய் நின்றாலும் அப்படித் தெரியாது.

கேள்வி: ஜாதகம் பற்றிக் கேட்கலாமா?

பதில்: தாராளமாக. பின்வரிசையின் பெருமூச்சு மேடைவரை கேட்கும்.

கேள்வி: எட்டு வயதுப் பையனை அழைத்துப் போகலாமா?

பதில்: கண்டிப்பாக. ஓரத்து நாற்காலியாகப் பார்த்து உட்காருங்கள், நடுவில் எழுந்துபோக நேர்ந்தால் வசதி. போனில் படம் போட்டுக் கொடுத்து அவனை உட்கார வைக்கலாம் என்று நினைக்காதீர்கள். இருட்டு அரங்கில் அந்த வெளிச்சம் நாலு வரிசைக்குக் கண்ணை உறுத்தும். அவன் கேள்வி கேட்கத் துடித்தால் மட்டும் தடுக்காதீர்கள்.