லாரி ஓட்டப் போகும் மகனுக்குச் சறுக்கல் பயிற்சி தேவையா? கடலூர் அம்மாவுக்கு ஒரு பதில்

அம்மா, ஐடிஐயில் டீசல் மெக்கானிக் முடித்த உங்கள் மகன், 21 வயதில், ஹெவி லைசென்ஸ் எடுத்து சிப்காட்டுக்கு வரும் டேங்கர்தான் ஓட்டுவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார் என்றும், சறுக்கல் பயிற்சி, கவிழ்வுப் பயிற்சி என்று ஒன்றுக்குப் பணம் கேட்கிறார் என்றும், அது வீண் செலவா, அதைப் படித்துவிட்டால் பயமில்லாமல் இருக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். நேராகவே சொல்கிறேன். வீண் செலவு இல்லை, தம்பி போகட்டும். ஆனால் பயமில்லாமல் இருக்கலாம் என்று எவராவது சொன்னால் அந்த இடத்தில் பணம் கட்டாதீர்கள்.

ஏன் என்று சொல்ல வேண்டுமானால், சறுக்குவதும் கவிழ்வதும் ஒரே மாதிரி ஆபத்து இல்லை என்பதிலிருந்து தொடங்க வேண்டும். சறுக்கலைச் சில சமயம் திருத்திவிடலாம். ஐப்பசியில் முதல் மழை விழுந்ததும் ரோட்டில் இருக்கும் ஆயிலும் தூசியும் சேர்ந்து வழவழவென்று ஆகிவிடும், அந்த நேரத்தில் சிதம்பரம் ரோட்டில் முன்னால் போகிற பஸ் சட்டென்று நிற்க, டிரைவர் பயத்தில் பிரேக்கை முழுசாக மிதித்தால் சக்கரம் சுற்றுவது நின்று வண்டி வழுக்கிக்கொண்டே போகும். முன்சக்கரம் பூட்டிக்கொண்டால் ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் திருப்பினாலும் வண்டி நேராகத்தான் போகும். டிரெய்லராக இருந்தால் பின்பாகம் பக்கவாட்டில் வீசி, மடங்கி, கேபினோடு வந்து மோதும். காலை பிரேக்கிலிருந்து எடு, சக்கரம் மறுபடி சுற்றட்டும், போக வேண்டிய திசையைப் பார் என்பதுதான் பாடம். சொல்வதற்கு இரண்டு வரி, ஆனால் மோதப்போகிறோம் என்று தெரியும்போது பிரேக்கிலிருந்து காலை எடுக்க எந்த மனித உடம்பும் சம்மதிக்காது. அதனால்தான் தண்ணீர் ஊற்றி வழுக்கலாக்கிய தனித் தளத்தில், பக்கத்தில் ஆசிரியர் உட்கார்ந்திருக்க, குறைந்த வேகத்தில் திரும்பத் திரும்பச் செய்ய வைக்கிறார்கள். இதைப் புத்தகத்திலோ வீடியோவிலோ கற்க முடியாது.

நம் ஊரில் 2015லிருந்து புது கனரக வண்டிகளில் ஏபிஎஸ் வந்துவிட்டது, அது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும். ஆனால் மொட்டை டயருக்கு அது பிடிமானம் தந்துவிடாது. தம்பிக்கு முதல் வேலையில் கிடைக்கப்போவது பழைய வண்டியாகவும் இருக்கலாம்.

கவிழ்வது வேறு கதை. வண்டி ஒரு அளவைத் தாண்டிச் சாய்ந்துவிட்டால் எந்தத் திறமைசாலியாலும் மீட்க முடியாது. அதுவும் டிரெய்லரில் பின்சக்கரம் தரையை விட்டு எழும்பிய பிறகுகூட கேபினில் இருப்பவருக்கு எதுவும் தெரியாது, தெரியும்போது நேரம் கடந்திருக்கும். நெல்லிக்குப்பம் ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகிற லாரிகளைப் பார்த்திருப்பீர்கள், லோடு உயர உயர எடை மேலே போய்விடும், அப்போது வளைவில் கொஞ்சம் வேகம் கூடினாலே போதும். 40ல் எடுக்க வேண்டிய வளைவை 60ல் எடுத்தால் வெளியே தள்ளும் விசை ஒன்றரை மடங்கு ஆவதில்லை, இரண்டேகால் மடங்கு ஆகிறது. பிரேக் பிடித்து நிற்கும் தூரமும் அதே கணக்கில்தான் கூடும். அமெரிக்காவில் லாரி லைசென்ஸுக்குப் படிக்கும் கையேட்டிலேயே, விபத்து நேர்ந்தால் முழு லோடு ஏற்றிய டிரெய்லர் காலி வண்டியைவிட 10 மடங்கு கவிழ வாய்ப்பு என்று எழுதியிருக்கிறது.

டேங்கரில் இன்னொரு சிக்கல். பாதி நிரம்பிய குடத்தை இடுப்பில் வைத்து வேகமாகத் திரும்பினால் தண்ணீர் உங்களையே தள்ளும் இல்லையா, டேங்கருக்குள்ளும் அதேதான். உள்ளே இருக்கும் தடுப்புத் தகடுகள் முன்னும் பின்னும் அலையடிப்பதைக் குறைக்கும், பக்கவாட்டு அலையை அவ்வளவாகத் தடுக்காது. இடது சக்கரம் தார் விளிம்பை விட்டு மண்ணில் இறங்கியதும் பதறி ஸ்டியரிங்கை வலதுபக்கம் வெட்டுவதுதான் நான் தம்பியிடம் மறுபடி மறுபடி சொல்ல விரும்பும் தவறு. வேகத்தைக் குறைத்து, நேராகவே கொஞ்ச தூரம் போய், மெதுவாக மேலே ஏற வேண்டும். கவிழ்வுப் பயிற்சியில் முழுசாகக் கவிழாமல் தடுக்கப் பக்கத்தில் தாங்கு கால் பொருத்திய வண்டியில் அந்தச் சாய்வின் தொடக்கத்தை உணர வைப்பார்கள், சுழலும் கேபினில் பெல்ட் போட்டு உட்கார வைத்துத் தலைகீழாகத் திருப்பிக் காட்டுவார்கள். அந்தக் கேபினிலிருந்து இறங்கியவர் பெல்ட் போடாமல் சாவி திருப்ப மாட்டார் என்று நம்புகிறேன்.

ஒரு எச்சரிக்கை, இது முக்கியம். நார்வேயில் இளம் ஓட்டுநர்களுக்கு வழுக்குத் தளப் பயிற்சியைக் கட்டாயமாக்கியபோது, வழுக்கும் சாலைகளில் இளைஞர்களின் விபத்து குறையவில்லை, கூடியது. சறுக்கினாலும் சமாளித்துவிடலாம் என்ற தைரியம் வந்துவிட்டதுதான் காரணமாக இருக்கும் என்று கருதினார்கள். ஆகவே எங்கே சேர்த்தாலும் முதலில் கேளுங்கள்: சறுக்கலிலிருந்து மீளக் கற்றுத்தருகிறீர்களா, சறுக்கும் நிலைக்கே போகாமல் இருக்கக் கற்றுத்தருகிறீர்களா? இரண்டாவதுக்கு நேரம் ஒதுக்காத இடம் வேண்டாம். லோடு ஏற்றிய வண்டியில் பயிற்சி உண்டா, ஒரு வண்டிக்கு எத்தனை பேர், ஒருவருக்கு ஸ்டியரிங் எவ்வளவு நேரம் கைக்கு வரும் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஐரோப்பாவில் தொழில்முறை லாரி ஓட்டுநருக்கு முழு ஆரம்பத் தகுதிப் பயிற்சி 280 மணி நேரம், அப்புறம் 5 வருடத்துக்கு ஒருமுறை 35 மணி நேரம். ஒரு நாள் பயிற்சியில் எல்லாம் வந்துவிடும் என்று தம்பி நினைக்கக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

வரிசையும் முக்கியம். கார் லைசென்ஸ் எடுத்து ஒரு வருடம் ஆகியிருந்தால்தான் ஹெவிக்கு எல்எல்ஆர் கிடைக்கும், வயது 20 முடிந்திருக்க வேண்டும், தம்பிக்கு வயது சரியாக இருக்கிறது. கும்மிடிப்பூண்டியில் சாலைப் போக்குவரத்து நிறுவனத்தின் கனரக ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி, நாமக்கல்லில் அசோக் லேலண்டின் பயிற்சி நிலையம், இந்த இரண்டையும் நேரில் போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். தெருமுனைப் பள்ளியில் எட்டுப் போட்டு லைசென்ஸ் வாங்குவதோடு நிறுத்தாதீர்கள். சிப்காட் ரசாயன டேங்கர் ஓட்ட ஆபத்தான சரக்குக்கான 3 நாள் பயிற்சி சட்டப்படி தேவை, தமிழோடு ஆங்கிலமும் எழுதப் படிக்கத் தெரிய வேண்டும், அந்த லைசென்ஸ் 3 வருடத்துக்குத்தான் செல்லும். டேங்கரில் முதல் நாளே ஏற வேண்டாம். சாதாரண லாரியில் ஒரு மழைக்காலமாவது ஓட்டிவிட்டு வரட்டும்.

பணத்தைப் பற்றி: சறுக்கல் பயிற்சியை இப்போதே எடுக்க வேண்டியதில்லை. முதலில் ஹெவி லைசென்ஸ், அடுத்து வண்டியில் பழக்கம், அதன்பின் இந்தப் பயிற்சி. அதற்குள் வேலைக்குச் சேரும் நிறுவனமே செலவை ஏற்குமா என்று கேட்கலாம். டயர் எப்போது மாற்றுவீர்கள், ராத்திரி ஓட்டினால் மறுநாள் ஓய்வு உண்டா, தாமதமானால் பேட்டாவில் பிடிப்பீர்களா என்று தம்பி ஓனரிடம் கேட்கட்டும். தாமதத்துக்குப் பேட்டா பிடிக்கும் இடம் என்றால், சம்பளம் எவ்வளவு சொன்னாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள் அம்மா.