பூங்காவுக்கு இடம் இருக்கிறது, நிதிதான் இல்லையாம்!

ஒரு நகராட்சியின் விரிவாக்கப் பகுதியில் வசிக்கும் வாசகர் எழுதியிருப்பதன் சுருக்கம் இது. 2020இல் நகர் ஊரமைப்புத் துறையின் அனுமதி பெற்ற 4 ஏக்கர் மனைப்பிரிவில் அவர் வீடு கட்டியிருக்கிறார். வரைபடத்தில் பூங்கா என்று குறித்த இடம் சீமைக்கருவேல முள்ளும் கட்டட இடிபாடுமாகக் கிடக்கிறது. நகராட்சியில் கேட்டால் ‘நிதி இல்லை’ என்கிறார்கள். அவருடைய கேள்விகள் மூன்று: சொத்து வரி கட்டுகிறவர்கள் பூங்காவை உரிமையாகக் கேட்க முடியாதா? குடியிருப்போர் பணம் திரட்டிச் செய்துகொள்ளலாமா? பூங்கா வராவிட்டால் அங்கே ஒரு ரேஷன் கடையாவது கட்டித் தரச் சொல்லலாமா?

பல ஆண்டுகள் உள்ளாட்சிக் கணக்குகளைத் தணிக்கை செய்தவன் என்ற முறையில், பணத்துக்கு முன்னால் நிலத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019இன்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் சாலைகள் நீங்கலான பரப்பில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கித் தானப்பத்திரம் மூலம் ஒப்படைப்பது கட்டாயம். அதற்குப் பதிலாகப் பணம் கட்டித் தப்ப முடியாது. 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரையுள்ள சிறிய மனைப்பிரிவுகளுக்கு மட்டும்தான் நிலத்துக்கு ஈடாக வழிகாட்டி மதிப்பின்படி பணம் செலுத்தும் சலுகை உண்டு. உங்கள் 4 ஏக்கர் என்பது சுமார் 16,187 சதுர மீட்டர். அதில் சாலைக்குப் போனது போக 12,000 சதுர மீட்டர் மிஞ்சியது என்று வைத்துக்கொண்டால், பூங்கா இடம் 1,200 சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ 30 சென்ட் இருக்க வேண்டும். தரையில் அளந்தால் 30 சென்ட் வருகிறதா என்பதை முதலில் பாருங்கள். ஓரத்து மனைக்காரர் மூன்றடி உள்ளே தள்ளிச் சுற்றுச்சுவர் எழுப்பியிருப்பது மிகச் சாதாரணம்.

அடுத்து, சார்பதிவாளர் அலுவலகத்தில் அந்தச் சர்வே எண்ணுக்கு வில்லங்கச் சான்று போட்டுத் தானப்பத்திரத்தின் எண்ணையும் தேதியையும் எடுத்துக்கொள்ளுங்கள். அதன் அடிப்படையில் நகர நில அளவைப் பதிவேடு நகராட்சியின் பெயருக்கு மாறியிருக்கிறதா என்பதையும் பாருங்கள். பத்திரம் பதிவாகி, பதிவேட்டில் மட்டும் பழைய உரிமையாளர் பெயரே தொடரும் இடங்கள் ஏராளம். அப்படிப்பட்ட நிலத்தில் நகராட்சி ஒரு ரூபாய் செலவழித்தாலும் தணிக்கையில் தடை எழும் என்பதால், விவரம் தெரிந்த பொறியாளர் மதிப்பீடு தயாரிக்கவே தயங்குவார். அந்தத் தயக்கம்தான் பல சமயம் வெளியே ‘நிதி இல்லை’ என்ற சொல்லாக வருகிறது.

இனி நிதி. உங்கள் சொத்து வரி ஒரே பானையில் விழுவதாக எண்ண வேண்டாம். நகராட்சிக் கணக்கில் வருவாய் மற்றும் மூலதன நிதி, குடிநீர் மற்றும் வடிகால் நிதி, தொடக்கக் கல்வி நிதி என்று தனித்தனி நிதிகள் உண்டு. வரியோடு சேர்த்து வாங்கும் 10 சதவீத நூலக வரி நகராட்சியில் தங்குவதே இல்லை. அது நூலக ஆணைக்குழுவுக்குப் போகிறது. பூங்கா, தெருவிளக்கு, உள்சாலை ஆகியவற்றுக்கான பணம் வருவாய் நிதியிலிருந்து வர வேண்டும். அதே நிதியிலிருந்துதான் சம்பளம், ஓய்வூதியப் பங்கு, மின்கட்டணம் ஆகியவையும் முதலில் கழிகின்றன. நடுத்தர நகராட்சிகளில் இந்தக் கழிவுக்குப் பிறகு மிஞ்சுவது எவ்வளவு என்பதைப் பார்த்தால், ஆணையர் மீது வரும் கோபம் கொஞ்சம் தணியும்.

வரி என்பது கட்டணம் அல்ல என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். குடிநீர்க் கட்டணம் கட்டினால் உங்கள் வீட்டுக்குழாயில் நீர் வர வேண்டும் என்று கேட்கலாம். சொத்து வரிக்கு அப்படி நேருக்கு நேரான பலன் கிடையாது. உங்கள் தெரு கட்டிய வரியை உங்கள் தெருவுக்கே செலவழிக்க வேண்டும் என்று சட்டத்தில் எங்கும் இல்லை. ஆகவே ‘நாங்கள் இவ்வளவு வரி கட்டுகிறோம்’ என்று தொடங்கும் மனு, நியாயமாக இருந்தாலும், அலுவலகத்தில் நகராது. ‘இன்ன கணக்குத் தலைப்பில் இவ்வளவு தொகை இருக்கிறது, அதில் இந்தப் பணியைச் சேர்க்க வேண்டும்’ என்று கேட்கும் மனு நகரும்.

அந்தத் தலைப்புகள் எவை? மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் 10 சதவீதம், மாநில நிதி ஆணையத்தின் பரிந்துரைப்படி உள்ளாட்சிகளுக்குப் பகிரப்படுகிறது. பத்திரப் பதிவின்போது நீங்கள் செலுத்திய 7 சதவீத முத்திரைத் தீர்வையில் 2 சதவீதம் சொத்து மாற்றத்தின் மீதான கூடுதல் தீர்வை. அது உள்ளாட்சிக்கு உரியது. மனைகள் வேகமாகக் கைமாறும் விரிவாக்கப் பகுதியில் இந்த வரவு கணிசமானது என்பதால், உங்கள் பகுதியை ‘வருமானம் தராத பகுதி’ என்று யாராவது சொன்னால் தயங்காமல் மறுக்கலாம். ஒன்றிய அரசின் 15ஆவது நிதிக்குழு 2021-26 காலத்துக்குப் பரிந்துரைத்த மானியமும் உண்டு. உங்களுடையதைப் போன்ற நகரங்களுக்கு அதில் 60 சதவீதம் குடிநீர், தூய்மைப் பணி ஆகியவற்றுக்கு மட்டுமே என்று கட்டுப்படுத்தப்பட்ட பணம்; மீதி 40 சதவீதத்தைச் சம்பளத்துக்கும் நிர்வாகச் செலவுக்கும் தவிர, உள்ளூர்த் தேவை எதற்கும் செலவழிக்கலாம். கட்டுப்படுத்தப்பட்ட அந்த 60 சதவீதத்திலிருந்து பூங்கா கேட்டால் கிடைக்காது. ஆனால் அதே இடத்தில் மழைநீர் சேகரிப்பு அமைப்பு கேட்டால், அது அந்தத் தலைப்புக்குள் வரும். முள் அகற்றுதலும் தரை சமன்படுத்துதலும் அந்த மதிப்பீட்டுக்குள்ளேயே பெரும்பாலும் அடங்கிவிடும். கலைஞர் நகர்ப்புற மேம்பாட்டுத் திட்டத்திலும் பூங்காக்கள் எடுக்கப்படுகின்றன. சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதியையும் கேட்டுப் பார்க்கலாம். நிலம் அரசு அல்லது உள்ளாட்சியின் பெயரில் இருக்கிறதா என்பதைத்தான் அங்கேயும் முதலில் பார்ப்பார்கள்.

குடியிருப்போர் பணம் திரட்டுவதற்கு முறையான வழி ‘நமக்கு நாமே’ திட்டம். மதிப்பீட்டில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை மக்கள் கொடுத்தால் மீதியை அரசு தரும். சுற்றுவேலி, நடைபாதை, ஆழ்துளைக் கிணறு, விளக்கு எல்லாம் சேர்த்து 18 லட்சம் ரூபாய் என்று பொறியாளர் மதிப்பிட்டால் உங்கள் பங்கு 6 லட்சம். 120 குடும்பங்கள் இருந்தால் வீட்டுக்கு 5,000 ரூபாய். அந்தத் தொகையைச் சங்கத்தின் பெயரில் வங்கி வழியாக நகராட்சிக் கணக்கில் செலுத்தி ரசீது வாங்குங்கள். ஒப்பந்ததாரர் கையில் ரொக்கமாகக் கொடுத்துவிட்டு ‘வேலையில் கழித்துக்கொள்ளுங்கள்’ என்று விடாதீர்கள். அது கணக்கில் ஏறாத பணம். அனுமதி இல்லாமல் நீங்களே வேலி போட்டுப் பூட்டுவதும் வேண்டாம். நல்ல எண்ணத்தில் செய்தாலும் பொது இடத்துக்குத் தனியார் பூட்டு என்றுதான் அது பதிவாகும்.

இங்கே நான் அதிகம் கவலைப்படுவது பராமரிப்பைப் பற்றி. ஒரு நகரத்துப் பூங்காவைத் தணிக்கைக்காகப் பார்க்கப் போயிருந்தேன். திறப்பு விழாக் கல்வெட்டு பளிங்கில் மின்னியது, உடற்பயிற்சிக் கருவிகள் துருப்பிடித்து நின்றன, ஆழ்துளைக் கிணற்று மோட்டாருக்கு மின் இணைப்பே வாங்கவில்லை. கோப்பைப் புரட்டினால், கட்டுமானத்துக்குத் திட்டப் பணம் இருந்தது. மின் இணைப்பு வைப்புத்தொகையும் தோட்டக்காரர் கூலியும் எந்தத் தலைப்பு என்பதை ஒருவரும் எழுதவில்லை. திட்ட நிதிகள் கட்டுவதற்குத் தரப்படுபவை. தண்ணீர் ஊற்றுவதற்கு வருவாய் நிதிதான். எனவே மன்றத் தீர்மானத்திலேயே ஆண்டுப் பராமரிப்புத் தொகையும், அது அடுத்த வரவு செலவுத் திட்டத்தில் எந்தத் தலைப்பில் சேரும் என்பதும் எழுதப்பட வேண்டும் என்று வார்டு உறுப்பினரிடம் வற்புறுத்துங்கள். பராமரிப்பைச் சங்கமே ஏற்கத் தயாரென்றால், நிலத்தின் மீது எந்த உரிமையும் கோராத ஒப்பந்தமாக, ஆண்டுக் கணக்கில் அதை எழுதிக்கொள்ளலாம்.

ரேஷன் கடை யோசனையை விட்டுவிடுங்கள். பெங்களூருவில் பூங்காவுக்கென ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்ததை 1991இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. மருத்துவமனையும் மக்களுக்குத்தானே என்ற வாதம் எடுபடவில்லை. இன்று நீங்கள் கேட்கும் கடைக்கு இணங்கினால், நாளை அதே இடத்தில் வேறொரு கட்டடம் வரும்போது எதிர்க்க உங்களுக்கு வாய் இருக்காது. வில்லங்கச் சான்றில் தானப்பத்திரமே இல்லை என்று தெரியவந்தாலும் மனைப்பிரிவு போட்டவர் அந்த இடத்தைக் கூறு போட்டு விற்க முடியாது; வரைபடத்தில் பொதுவுக்கென்று காட்டிய நிலத்தை அவர் அறங்காவலரைப் போல வைத்திருப்பவரே என்று 1995இல் வெளியான தில்லி மாநகராட்சி தொடர்பான தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அந்த நிலையில் உங்கள் முதல் மனு பூங்கா கேட்டு அல்ல, தானப்பத்திரத்தைப் பதிவு செய்து வாங்கக் கோரி ஆணையருக்குப் போக வேண்டும்.

பத்திரம் இருக்கிறதென்றால், 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் நகராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு மூன்று கேள்விகள் மட்டும் அனுப்புங்கள்: நிதிக்குழு மானியத்தின் கட்டுப்படாத பகுதியில் சென்ற ஆண்டு வரவு, செலவு, இருப்பு எவ்வளவு, எங்கள் வார்டில் தானமாகப் பெறப்பட்ட திறந்தவெளிகளின் பட்டியல் என்ன, பூங்கா பராமரிப்புத் தலைப்பில் நடப்பாண்டு ஒதுக்கீடு எவ்வளவு. 30 நாளில் பதில் வர வேண்டும். அந்தப் பதிலின் நகலை இணைத்து, வார்டுக்குள் மக்கள் கூடிப் பேசும் பகுதி சபைக் கூட்டத்தில் மனுவாகக் கொடுத்து, கூட்ட நடவடிக்கைக் குறிப்பில் ஏறியதைப் பார்த்துவிட்டு வீடு திரும்புங்கள்.