லாங்வயர்ல இரைச்சல்: ப்ரீஆம்ப் வாங்கறதா, பலூன் வாங்கறதா?

கேள்வி: ஷார்ட்வேவ் கேக்க ஒரு போர்ட்டபிள் ரேடியோ வச்சிருக்கேன். லாங்வயர் ஆன்டெனாவா 15 மீட்டர் ஒயர ஜன்னல்லருந்து எதிர்த்தாப்ல இருக்கற மரத்துக்கு இழுத்துக் கட்டி, இந்த முனைய ரேடியோவோட டெலஸ்கோப்பிக் ராட்ல கிளிப் போட்டு மாட்டிருக்கேன். சிக்னல் பலத்தக் காட்டற எஸ் மீட்டர் நல்லா ஏறுது, ஆனா கூடவே கொர்ர்னு இரைச்சலும் ஏறுது, ராத்திரி 49 மீட்டர்ங்கற ஷார்ட்வேவ் பேண்ட்ல ஒரு ஸ்டேஷனும் தெளிவா இல்ல. ஒயர 30 மீட்டர் ஆக்கலாமா, சிக்னல பெருக்கற ப்ரீஆம்ப் வாங்கலாமா, இல்ல ஒயரயும் கேபிளயும் ஒத்துப்போக வைக்கற சின்ன டிரான்ஸ்பார்மர் பெட்டி, 9:1 பலூன்னு விக்கறாங்களே, அதையா? மூணுல ஒண்ணுதான் இப்ப முடியும்.

பதில்: 9:1 தான், ஆனா அத மட்டும் வாங்கி ரேடியோ பக்கத்துல மேஜைல வச்சீங்கன்னா காசு வேஸ்ட், அது ஒயரோட முனைல, வீட்டுக்கு வெளிய இருக்கணும், அங்கருந்து உள்ள வரைக்கும் கோஆக்ஸ் கேபிள், அதான் டிவிக்குப் போடற மாதிரி நடுக் கம்பிய சுத்தி உலோக வலை இருக்கற கேபிள்.

அதுக்கு முன்னாடி செலவே இல்லாத ஒரு டெஸ்ட் பண்ணிடுங்க. ரேடியோவ பேட்டரில ஓடவிட்டு, இரைச்சல் அதிகமா இருக்கற ஒரு காலி இடத்துல ட்யூன் பண்ணி வச்சிட்டு, வீட்டோட மெயின் ஸ்விட்ச ஆஃப் பண்ணுங்க. இரைச்சல் பொசுக்குன்னு அடங்கிட்டா திருடன் வீட்டுக்குள்ளதான் இருக்கான், திரும்ப ஆன் பண்ணி ஒவ்வொரு ப்ளக்கா பிடுங்கிப் பாருங்க. போன் சார்ஜர், எல்இடி பல்ப், லேப்டாப் அடாப்டர், ரௌட்டரோட அடாப்டர்னு உள்ள ஸ்விட்சிங் சப்ளை (கரண்ட படுவேகமா ஆன் ஆஃப் பண்ணி வோல்டேஜ மாத்தற சர்க்யூட்) இருக்கற எதுவா இருந்தாலும் சந்தேகப் பட்டியல்ல சேத்துக்கோங்க. என் வீட்ல மாட்டினது ஒரு மேஜை விளக்கோட அடாப்டர், விளக்கு அணைஞ்சிருந்தாலும் சரி, ப்ளக்ல இருந்தாலே 31 மீட்டர் பேண்ட் பூரா ஒரே உறுமல், நான் ரெண்டு மாசமா ஆன்டெனாவ திட்டிட்டு இருந்தேன்.

இப்ப உங்க செட்டப்புக்கு வரேன். ஆன்டெனான்னா ஒயர் மட்டும் இல்ல, அதுக்கு எதிர்ப்பக்கம் ஒண்ணு இருந்தே ஆகணும், அதுதான் கிரவுண்ட். நீங்க கிரவுண்டே குடுக்கலன்னா ரேடியோ கைக்குக் கெடச்சத புடிச்சுக்கும், சார்ஜர் சொருகியிருந்தா வீட்டு வயரிங் மொத்தமும் உங்க ஆன்டெனாவோட மறுபாதி ஆயிடும், அதுல ஓடற குப்பையெல்லாம் நேரா ரேடியோக்குள்ள. போதாததுக்கு ஜன்னலுக்கு உள்ள வர்ற அந்த ரெண்டு மூணு மீட்டர் ஒயரும் ஆன்டெனாதான, அது பக்கத்துல இருக்கற அடாப்டரத்தான் முதல்ல கேக்கும். இத அப்படியே வச்சிட்டு ஒயர 30 மீட்டர் ஆக்கினா சில ஸ்டேஷன் கூடலாம், ஆனா வீட்டு இரைச்சல் அங்கயேதான் இருக்கும்.

ப்ரீஆம்ப் வேண்டவே வேண்டாம். சந்தைக் கூச்சல்ல ஒருத்தர் பேசறது கேக்கலன்னு மொத்த சந்தைக்கும் மைக் வச்ச கதை அது. ஆன்டெனாவ கழட்டிட்டு மறுபடி மாட்டிப் பாருங்க, மாட்டினதும் இரைச்சல் கூடுதுன்னா உங்க ரேடியோவுக்குப் போதுமான சிக்னல் ஏற்கனவே வருதுன்னு அர்த்தம், அதுக்கு மேல பெருக்கி ஒண்ணும் ஆகப்போறதில்ல. எஸ் மீட்டர பாக்காதீங்க, குரல் புரியுதா இல்லயான்னு காதுல கேளுங்க.

9:1 வாங்கறப்ப ஒண்ணு கவனிங்க. இந்த மாதிரி ஒயருக்கு இம்பீடன்ஸ், அதாவது சிக்னலுக்கு அது காட்டற தடை, சில நூறு ஓம்ல இருக்கும், அலைவரிசைக்கு அலைவரிசை மாறவும் செய்யும், கோஆக்ஸ் 50 இல்ல 75 ஓம், அத ஓரளவு ஒத்துப்போக வைக்கறதுதான் இதோட வேலை. உள்ள இருக்கற கம்பிச் சுத்து கணக்கு 3:1, அதோட வர்க்கம் 9, அதான் 9:1. ரெண்டு ரகம் வருது, ஒண்ணு ஆட்டோ டிரான்ஸ்பார்மர், எல்லா சுத்தும் ஒண்ணோட ஒண்ணு சேந்திருக்கும், இன்னொண்ணுல ரெண்டு சுத்தும் தனித்தனி. உங்களுக்கு ரெண்டாவதுதான் வேணும், ஏன்னா கோஆக்ஸோட வெளி வலை மேல வீட்லருந்து ஓடி வர்ற இரைச்சல் ஆன்டெனா கிரவுண்டுக்குத் தாவறதுக்கு நேர் வழி இருக்காது. கைக்கு வந்ததும் மல்டிமீட்டர கன்டின்யூட்டில வச்சு ஆன்டெனா பக்கத்து கிரவுண்ட் டெர்மினலயும் கோஆக்ஸ் சாக்கெட்டோட வெளி வளையத்தயும் தொட்டுப் பாருங்க, பீப் அடிச்சா தனித்தனி இல்ல, அட்டைல என்ன எழுதியிருந்தாலும் சரி.

கிரவுண்டுக்கு அந்தப் பெட்டிக்கு நேர் கீழயே ஒரு தாமிரக் கம்பிய மண்ல ஒரு மீட்டருக்காவது அடிச்சு இறக்குங்க, வீட்டு எர்த்த இதுக்கு இழுக்காதீங்க. கேபிளுக்கு டிவிக்குப் போடற ஆர்ஜி 6 தாராளமா போதும், கேக்கறதுக்கு மட்டும்தான, 75 ஓமா 50 ஓமான்னு சண்டை போடறவங்க போடட்டும். கேபிள ராட்ல கிளிப் போடாம எக்ஸ்டர்னல் ஆன்டெனா சாக்கெட்ல குடுங்க. இரைச்சல தடுக்கற ஃபெரைட் கிளிப் ஒண்ண கேபிள்ல மாட்டிட்டு முடிஞ்சதுன்னு நினைக்காதீங்க, கேபிள் அதுக்குள்ள ஒரு தடவ மட்டும் போனா இந்த அலைவரிசைல பெருசா தடுக்காது, பெரிய ஃபெரைட் வளையம் வாங்கி கேபிள அதுல பத்து சுத்து சுத்துங்க, தடுப்பு சுத்தோட வர்க்கத்துல ஏறும்.

கேள்வி: புது செட்டப் போட்டதுலருந்து ஷார்ட்வேவ்ல மீடியம்வேவ் ஸ்டேஷன் கேக்குது, பலூன்ல கோளாறா?

பதில்: கோளாறு இல்ல, உங்க குட்டி ரேடியோவுக்கு சாப்பாடு ஜாஸ்தி ஆயிடுச்சு. பக்கத்துல பலமான மீடியம்வேவ் டிரான்ஸ்மிட்டர் இருந்தா இப்படித்தான் ஆகும். ரேடியோல சிக்னல குறைக்கற லோக்கல்/டிஎக்ஸ் ஸ்விட்ச லோக்கல்ல போடுங்க, அந்த ஸ்டேஷன் மறைஞ்சு மத்தது தெளிவானா ஓவர்லோடுதான்னு உறுதி. மீடியம்வேவ வெட்டற ஹைபாஸ் ஃபில்டர் ஒண்ணு வாங்கிடுங்க, இல்ல ஒயர பாதியா குறைச்சுப் பாருங்க.

கேள்வி: இடி மின்னல் வந்தா என்ன பண்றது?

பதில்: வர்றதுக்கு முன்னாடியே கேபிள ரேடியோலருந்து கழட்டி, வீட்டுக்குள்ள வைக்காம ஜன்னலுக்கு வெளிய விட்டுடுங்க. இடி ஆரம்பிச்சப்புறம் கழட்டலாம்னு அந்தப் பக்கம் கையே வைக்காதீங்க, ரேடியோ போனா போகட்டும். இன்னொண்ணு, ஒயர் கட்டறப்ப கரண்ட் கம்பிக்கு மேலயோ கீழயோ போகவே கூடாது, அறுந்து ஊஞ்சல் மாதிரி ஆடி வந்தா எதத் தொடும்னு முதல்லயே பாத்துட்டு அப்புறம் மரத்துல ஏறுங்க.