ஒரு தடவை காசு, பல மாத விளையாட்டு: ரோக்லைக் வாங்குவோர் கேள்விகள்

கேள்வி: கம்பசில் படிக்கிறேன். விடுதியில் எல்லோரும் ரோக்லைக் விளையாட்டுகளைப் பற்றித்தான் கதைக்கிறார்கள். கடந்த பத்து வருடத்தில் வந்தவற்றில் உங்களுக்குப் பிடித்தவை எவை? என்னிடம் இருப்பது 4 ஜி.பி. ரேம் உள்ள பழைய லப்டொப். ஒன்றுதான் வாங்க முடியும்.
– மாணவன், வந்தாறுமூலை

பதில்: ஒன்றுதான் என்றால் 'ஸ்லே த ஸ்பயர்' வாங்குங்கள், தம்பி. அதற்கு 2 ஜி.பி. ரேமும் வட்டில் 1 ஜி.பி. இடமும் போதும். உங்கள் லப்டொப் தாராளமாகத் தாங்கும்.

ரோக்லைக் என்ற பெயர் 1980இல் வந்த 'ரோக்' என்ற விளையாட்டிலிருந்து வந்தது. செத்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஆனால் ஒவ்வொரு தடவையும் வழி, எதிரி, கையில் கிடைக்கும் பொருள் எல்லாம் மாறிவிடும். கதை முடிந்ததும் மூடி வைத்துவிடுகிற விளையாட்டுகளுக்குக் கொடுக்கும் காசையும் இதற்குக் கொடுக்கும் காசையும் ஒரே கணக்கில் பார்க்கக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

மெகா கிரிட் நிறுவனம் ஸ்லே த ஸ்பயரை 2017 நவம்பரில் முழுமையடையாத பதிப்பாக விற்கத் தொடங்கி, 2019 ஜனவரியில் முழுதாக வெளியிட்டது. சீட்டுகளால் சண்டை. எதிரி அடுத்து என்ன செய்யப் போகிறான், எவ்வளவு அடிப்பான் என்பது அவன் தலைக்கு மேலேயே தெரியும். ஆகவே தோற்றால் அதிர்ஷ்டத்தைக் குறை சொல்ல இடமே இல்லை, எங்கே பிழைத்தது என்று உங்களுக்கே விளங்கும். ஒவ்வொரு சண்டை முடிவிலும் மூன்று சீட்டுகள் காட்டும். ஒன்றை எடுக்கலாம், எடுக்காமலும் விடலாம். புதிதாக விளையாடுகிறவர்கள் கிடைத்ததையெல்லாம் எடுத்துச் சீட்டுக்கட்டைப் பெருக்கிவிடுவார்கள். பிறகு தேவையான நேரத்தில் தேவையான சீட்டு கைக்கு வராது. வேண்டாம் என்று விடப் பழகும்போதுதான் இந்த விளையாட்டின் ஆழம் திறக்கும். முதல் அடுக்கிலேயே கிரெம்லின் நொப் என்று ஒருவன் வருவான். நீங்கள் தாக்குதல் அல்லாத திறன் சீட்டைப் போடும்போதெல்லாம் அவனுடைய பலம் கூடும். தற்காப்பை மட்டும் நம்பிக் கட்டுச் சேர்த்தவர்கள் அவனிடம் விழுவார்கள். நான்கு பாத்திரங்கள், ஒவ்வொன்றுக்கும் முற்றிலும் வேறு சீட்டுகள், மேலே ஏற ஏறக் கடினமாகும் இருபது படிகள். மூன்று வருடப் படிப்புக்கும் இது ஒன்றே காணும்.

மனதால் எனக்கு மிகவும் நெருக்கமானது 'ஹேடீஸ்'. சூப்பர்ஜயன்ட் கேம்ஸ் 2020 செப்டம்பரில் முழுமையாக வெளியிட்டது. அடுத்த வருடமே, அறிவியல் புனைவு, மிகைபுனைவு ஆக்கங்களுக்குக் கொடுக்கும் ஹியூகோ விருதைப் பெற்றது. கிரேக்கப் புராணத்துப் பாதாள உலகத்தை விட்டு வெளியேறப் பார்க்கும் மகன், விடாத தகப்பன். மகன் ஒவ்வொரு தடவை செத்து வீடு திரும்பும்போதும் வீட்டிலுள்ளவர்கள் புதிதாக ஏதாவது கதைப்பார்கள். மற்ற விளையாட்டுகளில் சாவு தண்டனை. இதில் சாவுதான் கதையை நகர்த்துகிறது. கை வேகம் குறைந்தவர்களுக்கு 'கோட் மோட்' என்ற வசதி உண்டு. அதைப் போட்டால் உங்களுக்கு விழும் அடி 20 சதவீதம் குறையும், ஒவ்வொரு சாவுக்கும் இன்னும் 2 சதவீதம் குறைந்துகொண்டே போகும். வேலைக்குப் போய்க் களைத்து வருகிறவர்களுக்கு இதை நான் மனதாரச் சொல்வேன். ஆனால் ஹேடீஸ் கேட்கும் குறைந்தபட்ச ரேமே 4 ஜி.பி., தனியாக கிராபிக்ஸ் நினைவகமும் வேண்டும். உங்கள் லப்டொப்பில் அதை இழுத்தடித்து விளையாடுவதைவிட, நல்ல கணினி கிடைக்கும் வரை பொறுப்பது மேல். இரண்டாம் பாகம் 2025 செப்டம்பரில் முழுமையாக வந்துவிட்டது. அப்படியிருந்தும் முதல் பாகத்திலிருந்தே தொடங்குங்கள்.

விரலில் வேகம் உள்ளவர்களுக்கு, பிரான்ஸ் நாட்டு மோஷன் ட்வின் 2018இல் முழுமையாக்கிய 'டெட் செல்ஸ்'. காசு குறைவென்றால் 'வம்பயர் சர்வைவர்ஸ்'. பிரித்தானியாவின் பாஃப்டா விருது அமைப்பு 2023இல் இதைச் சிறந்த விளையாட்டாகத் தேர்ந்தது. அமெரிக்க விலையே 5 டொலருக்குள்தான். ஆயுதங்கள் தாமாகவே சுடும், நீங்கள் நகர்ந்தால் போதும். ஓர் ஆட்டம் அரை மணித்தியாலம். ரசித்து விளையாடினேன், ஆனால் ஸ்பயரைப் போல அது என்னை நெடுநாள் பிடித்து வைக்கவில்லை.

கேள்வி: மகனுக்குப் பதின்மூன்று வயது. என்னுடைய அண்ட்ரொய்ட் போனில் கேம் விளையாடுகிறான். அரை நேரம் விளம்பரம், மிச்ச நேரம் "அம்மா, ஜெம் வாங்க வேணும்" என்ற கரைச்சல். டேட்டாவும் முடிகிறது. என்னிடம் வங்கி அட்டையும் இல்லை. என்ன செய்யலாம்?
– தாய், ஆரையம்பதி

பதில்: பிள்ளையில் பிழை இல்லை, அம்மா. அந்த விளையாட்டுகள் கேட்க வைப்பதற்காகவே செய்யப்பட்டவை. ப்ளே ஸ்டோரில் 'ஷாட்டர்ட் பிக்சல் டன்ஜன்' என்று தேடி இறக்கிக் கொடுங்கள். அண்ட்ரொய்டில் இலவசம், விளம்பரம் இல்லை. விரும்புகிறவர்கள் உருவாக்கியவருக்கு ஆதரவாகக் காசு கொடுக்கலாம், கொடுக்காதவர்களுக்கு விளையாட்டில் எதுவும் பூட்டப்படவில்லை. வைஃபை உள்ள இடத்தில் ஒரு தடவை இறக்கிவிட்டால் பிறகு டேட்டாவை நிறுத்திவிட்டே விளையாடலாம்.

மகன் முதலில் அடிக்கடி சாவான். ஐந்தாம் தளத்துப் பெரிய எதிரியைத் தாண்டுவதற்கே நாளாகும். அவசரப்படாமல் யோசித்து நகர வேண்டிய விளையாட்டு, நீங்கள் நகராவிட்டால் எதிரியும் நகராது. அதனால் சாப்பிடக் கூப்பிட்டால் "பொறுங்கோ, செத்துப்போவன்" என்ற பதிலுக்கு இடமில்லை, அப்படியே வைத்துவிட்டு வரலாம்.

கட்டண விளையாட்டுகளை 'மோட்' (மாற்றிய பதிப்பு) என்று சொல்லி வெளியிடங்களில் இலவசமாகத் தருவார்கள். அந்த ஏ.பி.கே. (அண்ட்ரொய்ட் செயலி) கோப்புகளை உங்கள் போனில் ஏற்ற விடாதீர்கள். அதற்குள் வேறென்ன சேர்த்திருக்கிறது என்று எவருக்கும் தெரியாது. உங்கள் படங்களும் தொடர்புகளும் அதே போனில்தானே இருக்கின்றன.

கேள்வி: உயர்தரம் படிக்கும் மகன் பலாட்ரோ என்ற விளையாட்டு வாங்கித் தரச் சொல்கிறார். பார்த்தால் போக்கர் சீட்டு. இது சூதாட்டமில்லையா? வாங்கிக் கொடுக்க மனம் வரவில்லை.
– தகப்பன், சாய்ந்தமருது

பதில்: நியாயமான கேள்வி. உள்ளே இருப்பதைச் சொல்கிறேன்.

போக்கரில் 'கை' என்று சொல்லும் சீட்டுச் சேர்க்கைகள்தான் அடிப்படை. ஆனால் பந்தயம் கட்டுவதில்லை, எதிரே இன்னொரு ஆட்டக்காரரும் இல்லை. குறிப்பிட்ட புள்ளியை எட்டினால் அடுத்த கட்டம், எட்டாவிட்டால் முதலிலிருந்து. இடையில் 150 வகை ஜோக்கர் சீட்டுகளில் கிடைப்பவற்றை வாங்கிப் புள்ளியைப் பெருக்க வேண்டும். அவற்றை வாங்கும் 'டொலர்' விளையாட்டுக்குள் கிடைப்பது, வெளியே எடுக்க முடியாது. நிஜக் காசு போவது வாங்கும் அன்று ஒரு தடவை மட்டும். போனில் அமெரிக்க விலை 10 டொலர் அளவு.

உங்களுக்கு வந்த சந்தேகம் ஐரோப்பாவின் வயதுத் தர அமைப்பான பெகிக்கும் வந்தது. 2024இல் 18 வயதுக்கு மேல் என்று குறித்தது. மேன்முறையீட்டுக்குப் பின் 2025 பெப்ரவரியில் அதை 12 ஆகக் குறைத்தது. லோக்கல்தங்க் என்ற புனைபெயரில் இதை உருவாக்கிய கனடாக்காரர், தனக்குப் பின்னும் இந்த விளையாட்டை எந்தச் சூதாட்ட நிறுவனத்துக்கும் கொடுக்கக் கூடாது என்று மரண சாசனத்திலேயே எழுதி வைத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

மார்க்கத்தில் இதன் நிலை என்ன என்பதை உங்கள் பள்ளி மௌலவியிடம் இந்த விபரங்களைச் சொல்லிக் கேளுங்கள். அதை நான் சொல்வது பொருந்தாது. நுகர்வோர் பக்கத்தில் நின்று சொன்னால், பலாட்ரோ கடந்த பத்து வருடத்தின் மிகச் சிறந்த ஆக்கங்களில் ஒன்று, காசைப் பிடுங்கும் பொறி எதுவும் அதில் இல்லை. அப்படியிருந்தும் வீட்டுக்குள் போக்கர் என்ற சொல்லே வேண்டாம் என்றால் அதுவும் உங்கள் உரிமைதான். மேலே சொன்ன ஸ்லே த ஸ்பயர் அண்ட்ரொய்டிலும் உண்டு. அதிலுள்ள சீட்டுகளுக்கும் சூதுச் சீட்டுக்கும் தொடர்பில்லை. சின்னத் திரையில் எழுத்து சற்றுப் பொடியாகத் தெரியும், அது ஒன்றுதான் குறை.

கேள்வி: முகநூலில் விளம்பரம் பார்த்து, ஹேடீஸ், டெட் செல்ஸ் உட்படப் பல விளையாட்டுகள் உள்ள ஸ்டீம் (கணினி விளையாட்டுகள் விற்கும் இணையக் கடை) கணக்கு ஒன்றை ஒரு கடையில் மலிவாக வாங்கினேன். ஒரு மாதத்தில் கடவுச்சொல் மாறிவிட்டது. கடைக்காரர் போன் எடுப்பதில்லை.
– வாசகர், கல்முனை

பதில்: வருத்தமான விஷயம், ஆனால் ஸ்டீமிடம் முறையிட்டுப் பயனில்லை. கணக்கை விற்பதே அவர்களுடைய விதிக்கு மாறானது. முதலில் கணக்கைத் திறந்தவர் எப்போது வேண்டுமானாலும் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். ஒரே கணக்கைப் பலருக்கு விற்பதும் நடக்கிறது.

கடைக்காரர் மீது நடவடிக்கை எடுக்கலாம். பில் அல்லது பணம் அனுப்பிய பற்றுச்சீட்டு, விளம்பரத்தின் படம், வாட்ஸ்அப் உரையாடல் எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். 1977க்கு அழைத்துப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையிடம் வழி கேட்டு, எழுத்தில் முறைப்பாடு கொடுங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் அது போய்ச் சேர வேண்டும். உங்களுக்கு ஒரு மாதம் போய்விட்டது, இந்தக் கிழமையே செய்யுங்கள். பில் கேட்டால் கொடுக்க வேண்டியதும் வியாபாரியின் கடமை.

கேள்வி: சொந்தக் கணக்கில் வாங்கினால் விலை எப்படி? பிடிக்காவிட்டால் காசு திரும்ப வருமா?
– வாசகி, அக்கரைப்பற்று

பதில்: ஸ்டீமில் எங்களுக்கு ரூபா விலை இல்லை, டொலர்தான். ஆனால் தெற்காசியாவுக்குத் தனி விலைப் பட்டியல் இருப்பதால் பல விளையாட்டுகள் அமெரிக்க விலையிலும் குறைவு. அட்டையில் வெளிநாட்டுக் கொடுப்பனவு திறந்திருக்கிறதா, வங்கி மேலதிகமாக என்ன வெட்டும் என்பதை முதலே கேளுங்கள். யூன் கடைசியிலும் டிசம்பர் கடைசியிலும் பெரிய தள்ளுபடி வரும்.

வாங்கி 14 நாளுக்குள், 2 மணித்தியாலத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் ஸ்டீம் காசைத் திருப்பித் தரும். ரோக்லைக்கில் அந்த 2 மணித்தியாலத்துக்குள் நாலைந்து தடவையாவது செத்திருப்பீர்கள், பிடிக்குமா இல்லையா என்பது அதற்குள் தெரிந்துவிடும். ப்ளே ஸ்டோரில் 48 மணித்தியாலத்துக்குள் கேட்க வேண்டும்.

கேள்வி: அண்ணனும் நானும் ஒரே வீடு, இரண்டு கணினி. இருவரும் தனித்தனியாக வாங்க வேண்டுமா?
– மாணவி, கல்லடி

பதில்: தேவையில்லை. 2024 முதல் 'ஸ்டீம் ஃபமிலிஸ்' உண்டு, ஒரே வீட்டில் ஆறு பேர் வரை சேரலாம். அண்ணா வாங்கியதை நீங்கள் உங்கள் கணக்கிலிருந்தே விளையாடலாம். ஒரே விளையாட்டை இருவரும் ஒரே நேரத்தில் திறக்க மட்டும் இரண்டு பிரதி வேண்டும்.